வராத சகாயராணி

அந்தப் பெரிய அரசுத் துறையில் எல்லோருக்கும் ஸ்மார்ட் கார்டு வந்த நாள் அது. வாசலில் வருகை பதியும் புது மெஷின் வைத்திருந்தார்கள். தரை துடைக்கும் சகாயராணி தன் கார்டை அதில் வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தாள். மெஷின் மசியவில்லை.

நேராக இயக்குநர் தணிகாசலத்திடம் போனாள். கார்டு திட்டத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"ஐயா, காலையிலேயே வந்துட்டேன். மெஷின் ஏத்துக்கல. ஆப்சென்ட் விழுந்தா கான்ட்ராக்டர் என்னை நிறுத்திடுவாரு."

"மெஷின் பொய் சொல்லாதும்மா. அது வரலைன்னு சொன்னா நீ வரலை. அவ்வளவுதான்."

சகாயராணிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடக்கிக்கொண்டு வாசலோரம் போய் நின்றாள்.

சற்று நேரத்தில் திட்டத்தைத் தொடங்கிவைக்கத் துறையின் செயலாளர் அம்மா வந்தார். வரவேற்கிற பரபரப்பில் யாரோ தண்ணீர்க் கேனைத் தட்டிவிட, வாசலெல்லாம் வெள்ளம்.

"ஏம்மா, பார்த்துக்கிட்டு நிக்கிறியே! சீக்கிரம் துடை!" என்று கத்தினார் தணிகாசலம்.

"நான்தான் இன்னைக்கு வரவே இல்லையே ஐயா," என்றாள் சகாயராணி பணிவாக.

செயலாளர் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டு, "கார்டு சரியாகிறவரைக்கும் ஆளைப் பார்த்து வருகை போடுங்க," என்றார். "இவங்க இங்கே புதுசா?"

"இல்லை மேடம். பல வருஷமா என் அறையை இந்தம்மாதான் துடைக்குது."

"பேர் என்ன?"

தணிகாசலம் அவள் கழுத்தில் தொங்கிய கார்டைப் பார்த்தார். அது பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. சகாயராணி அதைத் திருப்பிக் காட்டவில்லை.

"உங்க பேர் என்னம்மா?" என்று முதல் முறையாகக் கேட்டார் அவர்.

சொல்லிவிட்டு, துடைக்கப் போனாள்.