முப்பாட்டனார் பெட்டியில் கிடைத்த புலிநகம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்காட்டுச் சீமையைப் பூவணராயர் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார்.

ஒருநாள் அரண்மனைப் பரணில் ஒரு பழைய பெட்டி அகப்பட்டது. உள்ளே ராஜாவின் முப்பாட்டனார் போட்டிருந்த இரும்புக் கவசம். கூடவே முழ நீளத்தில் ஓர் இரும்புக் கம்பி. அதன் நுனியில் விரல் மடக்கின மாதிரி ஐந்து பற்கள். அது எதற்கு என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஆயுதசாலை அதிகாரி உக்கிரசிங்கத்துக்கும் தெரியாதுதான். ஆனால் தெரியாது என்று சொன்னால் அதிகாரிக்கு என்ன மரியாதை? "மகாராஜா, இதன் பெயர் புலிநகம். இதை வைத்துத்தான் உங்கள் முப்பாட்டனார் எதிரிகளின் குடலை உருவினார்" என்று அடித்துவிட்டார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்படியா? நாளைக்குப் படையைப் பார்வையிடுகிறேன், மறுநாளே பக்கத்து நாட்டின்மேல் படையெடுக்கிறேன். எனக்கு வாள் வேண்டாம், வேல் வேண்டாம். இது ஒன்று போதும்."

மந்திரி திருமேனியார் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பற்களெல்லாம் மழுங்கி வழவழவென்று இருந்தன. "இதை வைத்துக் கத்தரிக்காயைக்கூடக் கீற முடியாது, மகாராஜா. இது ஆயுதமே இல்லை."

"பார்த்தீர்களா, உங்கள் முப்பாட்டனாரையே கேலி செய்கிறார்" என்று உக்கிரசிங்கம் தூபம் போட்டார். மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

ராஜாவின் முகம் சிவந்தது. "திருமேனியாரே, நாளை உச்சிப்பொழுதுக்குள் இது என்னவென்று நிரூபியும். தவறினால் உம் பதவி உக்கிரசிங்கத்துக்கு. உமக்கு மொட்டையும் கழுதையும்."

"உத்தரவு. ஒரே ஒரு விண்ணப்பம். முப்பாட்டனார் இதைக் கவசத்தோடு சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்? தாங்களும் அந்தக் கவசத்தை மாட்டி, இதைக் கையில் பிடித்துக்கொண்டே படையைப் பார்வையிட வேண்டும்."

அந்த யோசனை ராஜாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மறுநாள் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு ஆள் சேர்ந்து கவசத்தை மாட்டிவிட்டார்கள். மூன்றாவது வரிசையைத் தாண்டுவதற்குள் ராஜாவின் முதுகில் வியர்வை ஊறியது. அப்புறம் அரித்தது. எங்கே? கை எட்டாத இடத்தில்தான், வேறெங்கே அரிக்கும்? ராஜா தோளைக் குலுக்கினார். நெளிந்தார். பட்டத்து யானையின் காலில் போய் முதுகைத் தேய்த்தார். யானை பயந்து நகர்ந்துகொண்டது.

"கவசத்தைக் கழற்றுங்களடா" என்று பல்லைக் கடித்தார்.

"ஐயையோ, படைக்கு முன்னால் கவசம் கழற்றுவது அபசகுனம்" என்று தடுத்துவிட்டார் உக்கிரசிங்கம்.

ராஜாவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கை தானாக மேலே போயிற்று. கழுத்துப்பக்கமாகக் கம்பியை உள்ளே விட்டு, மெதுவாக ஓர் இழுப்பு இழுத்தார். அப்படியே கண் சொருகிவிட்டது.

"அப்பாடா... என் முப்பாட்டனார் மகான் ஐயா, மகான்."

படை மொத்தமும் வாயைப் பொத்திக்கொண்டது. மந்திரி பணிவாகக் குனிந்தார். "மகாராஜா, உச்சிப்பொழுது நெருங்குகிறது. நிரூபிக்கலாமா?"

"பேசாதீர். இன்னும் முடியவில்லை" என்றார் ராஜா.

ஆசை தீரச் சொறிந்து முடித்ததும் படையெடுப்பு ரத்து. தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். அந்தச் சந்தடியில் உக்கிரசிங்கம் யானைக்குப் பின்னால் மெல்ல நழுவினார்.

"உக்கிரசிங்கம், எங்கே போகிறீர்? இந்த ஆயுதத்தின் பெருமை தெரிந்தவர் நீர் ஒருவர்தான். இனிமேல் தினமும் சபையில் என் சிம்மாசனத்துக்குப் பின்னால் இதோடு நில்லும்."

உக்கிரசிங்கம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கம்பியை வாங்கினார்.

"ம், உருவும். இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."