கன்னைத் தேடாத மாடு

தணிகாசலத்துக்குக் காவி வேணும். அதுக்காகத்தான் பொண்டாட்டி பூங்காவனத்தையும் ரெண்டு புள்ளைங்களையும் ஊர்ல விட்டுட்டு, மலையடிவாரத்து மடத்துல வந்து உட்கார்ந்தாரு. மடத்துச் சாமி அவரைவிடப் பத்து வயசு சின்னவரு. அதனால சீடனை வாங்க போங்கன்னுதான் பேசுவாரு.

வந்த அன்னைக்கே கேட்டாரு. "சாமி, எனக்குக் காவி எப்ப?"

"மாடு பாக்கத் தெரியுமா?"

"தெரியாது சாமி."

"அப்ப மாட்டைப் பாருங்க."

மடத்துக்கு யாரோ கொடுத்த ஜெர்சி கலப்பு மாடு அது. வேதாந்தம் கேக்க வந்த மனுசன் சாணி அள்ளினாரு. மாடு கன்னு போட்டுச்சு. பொறந்த அன்னைக்கே கன்னைப் பிரிச்சு கொட்டாய் மறுகோடியில கட்டச் சொன்னாரு சாமி. பாலை வாளியில வச்சுப் பழக்கச் சொன்னாரு.

"ஏன் சாமி?"

"இந்த மாட்டுக்கு அப்படித்தான்."

தணிகாசலத்துக்கு ஒண்ணும் விளங்கல. காவிக்கும் கன்னுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டா இன்னொரு மாடு வாங்கிக் கட்டிடுவாரோன்னு பயந்து கேக்கல.

ஒருநாள் முனிரத்தினம்னு ஒரு விவசாயி வந்தாரு. அவரோட நாட்டு மாட்டுக்குக் கன்னு செத்துப்போச்சு. மடியில கை வச்சா உதைக்குது. பாலை அடக்கிக்குது. "ஜெர்சி வாங்கலாமா சாமி?"

சாமி தணிகாசலத்தைக் காட்டினாரு. "அவரைக் கேளுங்க."

தணிகாசலம் தொண்டையைச் செருமிக்கிட்டாரு. மடத்துக்கு வந்து மொத தடவையா ஒருத்தர் அவர்கிட்ட உபதேசம் கேக்கறாரு.

"தாராளமா வாங்கலாம். பெரிய கறுப்பு வெள்ளை மாடு மாதிரி மலையா தீனி திங்காது. நம்ம வெயிலையும் அதைவிட நல்லாவே தாங்கும். நிழலும் தண்ணியும் மட்டும் குறையக் கூடாது. பால் கெட்டி, கொழுப்பு ஜாஸ்தி. பால் சொசைட்டியில நல்ல வெலை போடுவான். சீக்கிரமே சினைக்கு வரும். சாது. யார் உட்கார்ந்தாலும் கறக்கும்."

"கன்னு?"

"கன்னே வேணாம். மடியைக் கழுவிவிட்டா போதும், தானா சுரக்கும்."

முனிரத்தினம் மோவாயைத் தடவினாரு. "பெத்ததைத் தேடாதா? என்ன மாடுங்க அது?"

தணிகாசலத்துக்குச் சட்டுனு உள்ளுக்குள்ள வெளிச்சம் அடிச்சுது. "பற்று இல்லாத மாடு!"

"அது சாமியாரா இருந்தா எனக்கென்னங்க. பால் கொடுத்தா சரி"ன்னுட்டு முனிரத்தினம் கெளம்பிட்டாரு.

தணிகாசலம் சாமி முன்னால கைகட்டி நின்னாரு. "புரிஞ்சிடுச்சு சாமி. எதுக்கு என்னை மாட்டுகிட்ட விட்டீங்கன்னு இப்பதான் புரிஞ்சுது."

"அப்படியா? எனக்கும் சொல்லுங்க."

"இந்த மாடுதான் ஞானி. எம்புள்ளைன்னு இழுக்காது. இருக்கிறதை ஊருக்குக் கொடுக்குது. நானும் அப்படி ஆயிட்டேன் சாமி. வந்ததுலேர்ந்து வீட்டு நெனப்பே இல்ல. மனசு அமைதியா இருக்கு."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"நல்லாத்தான் இருப்பாங்க."

"சாயந்திரம் காவி தர்றேன். கொட்டாய்க்கு வந்துடறேன்"ன்னாரு சாமி. ரெண்டடி போய்த் திரும்பினாரு. "இன்னைக்குக் கன்னுக்கு வாளி வைக்காதீங்க."

மறுபடியும் குழப்பம். காவி கொடுக்கற அன்னைக்குக் கன்னும் பட்டினி கெடக்கணுமோ? புதுச் சம்பிரதாயமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டாரு.

சாயந்திரம் தணிகாசலம் குளிச்சு, திருநீறு பூசி, பால் கறந்தாரு. சாமி காவித் துணியைக் கையில வச்சுக்கிட்டு நின்னாரு. மறுகோடியில கன்னு கத்துச்சு. மாடு அசை போட்டுக்கிட்டே ஒரு செம்பு குறையாம பாலைக் கொடுத்துச்சு.

"பாத்தீங்களா சாமி? திரும்பிக்கூடப் பாக்கல."

"பாத்தேன். இந்தாங்க காவி."

தணிகாசலம் கையை நீட்டினாரு. கன்னு கட்டை உருவிக்கிட்டு, கயித்தோட ஓடி வந்து அவரு வேட்டி நுனியைச் சப்ப ஆரம்பிச்சுது. நீட்டின கை அப்படியே நின்னுச்சு.

"சாமி, பசியில கத்துது."

"கத்தட்டும். பெத்ததே பேசாம நிக்குது. உங்களுக்கு என்ன?"

"அது எப்படி சாமி விடறது?"

"மாடு ஞானின்னீங்க."

"மாடு அமைதியாத்தான் இருக்கும்!" தணிகாசலத்துக்குக் கோவமே வந்துடுச்சு. "அது பாட்டுக்கு நிம்மதியா அசை போடுது. வேளாவேளைக்கு நான்ல கன்னுக்கு வாளி வைக்கிறேன்?"

சாமி காவியை மடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டாரு. பால் வாளியைத் தூக்கித் தணிகாசலம் கையில கொடுத்தாரு.

"உங்க வீட்ல யாரு வைக்கிறாங்க?"