விளக்கெண்ணெய் சொன்ன பிரசவ நாள்

கொம்பூர் ராஜாவுக்குப் பொறுமை ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு. பன்னிரண்டு நாளில் அதுவும் தும்மலில் போய்விட்டது.

பின்னே? ராணியின் பிரசவத்துக்குக் குறித்த நாளில் வாசலில் பந்தல், யானை, நாயனம், நாற்பது படி சர்க்கரை, எல்லாம் தயார். பிள்ளை மட்டும் வரவில்லை! ஐப்பசி மழையில் பந்தல் சாய்ந்தது. சர்க்கரை பாகானது. யானைக்குச் சளி பிடித்தது.

"ராணியம்மாள் கடைசியாக வீட்டுக்குத் தூரமானது தை அமாவாசை. அவர்களே சொன்னது. அதிலிருந்து அடியேன் பத்து மாதம் எண்ணியது பிசகாது," என்று மூக்கால் பேசினார் சோசியர் திருவேங்கடம். "இந்த மருத்துவச்சிதான் ஏதோ கஷாயம் கொடுத்துப் பிள்ளையை உள்ளேயே உட்கார வைத்திருக்கிறாள்!"

ராஜாவின் மீசை துடித்தது. "அங்கம்மை! நாளைக்குள் பிள்ளை வராவிட்டால் உனக்கு மொட்டை. கழுதைமேல் ஊர்வலம். அப்படியே ஊரைவிட்டு வெளியே!"

அங்கம்மை மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிள்ளை ஜோராக உதைக்கிறது. வயிறு இன்னும் இறங்கவில்லை. நாள்கணக்குதான் எங்கோ இடறியிருக்கிறது. ஆனால் ராணிக்கே மறதி என்று சொன்னால் இரண்டு கழுதை வரும்! அப்போதுதான் சலவைக்காரி பேச்சி எப்போதோ துறையில் புலம்பியது நினைவுக்கு வந்தது. களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"மகாராஜா, ஒரே கேள்வி. அரண்மனை முழுக்க ஒரே நாளில் பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்தீர்களே, அது என்றைக்கு?"

"இதென்ன பிரமாதம்? தைப்பூசம்!"

"பங்குனி உத்திரம், பிரபு," என்றார் தளபதி.

"இல்லையில்லை, சிவராத்திரி. நன்றாக ஞாபகமிருக்கிறது," என்றார் சோசியர்.

"அடடா! அன்று நீங்கள் விடிய விடிய விழித்தது சிவனுக்கா, எண்ணெய்க்கா?" அதே மூக்குக்குரலில் கேட்டாள் அங்கம்மை. சபை குலுங்கியது.

"பேதி ஒன்று, நாள் மூன்று! நினைவு தடுமாறினால் எல்லாரும் பண்டிகையைத்தான் பிடித்துக்கொள்கிறோம். ராணியம்மாளும் அமாவாசையைப் பிடித்துக்கொண்டார்கள். மாதாமாதம் ராணியம்மாள் தூரமானதும் மாற்றுச்சேலை கொண்டுவருகிற பேச்சியைக் கேளுங்கள்."

பேச்சி வந்தாள், முந்தானையை உதறிக்கொண்டு.

"கடைசியா மாத்து குடுத்த நாளா? செத்தாலும் மறக்குமா சாமி? நீங்க எல்லாரும் எண்ணெய் குடிச்ச அன்னைக்கு! பதினோரு கழுதைச் சுமை வேட்டி! மூட்டை கட்டி முடிக்கலே, ராணியம்மாளுக்கு மாத்து வேணும்னு தாதி ஓடியாறா. மறுநாள் மாசிமகம். குலசாமிக்குப் பொங்கல் வைக்கணும். உங்க வேட்டிங்களாலே பொங்கலே போச்சு!"

ராஜா கூச்சத்தில் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார்.

அங்கம்மை விரல் மடக்கினாள். "மாசிமகத்துக்கு முதல்நாள் என்றால், தை அமாவாசைக்குப் பதினாலு நாள் பிந்தி. சோசியர் குறித்த நாளுக்கு மேல் பன்னிரண்டுதான் போயிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் பாக்கி, மகாராஜா. ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே ஆகும். பிள்ளை பஞ்சாங்கம் படித்துவிட்டா வரும்?"

மூன்றாம் நாள் உச்சிவேளையில் 'குவா' கேட்டது. சளியோடு யானையும் பிளிறியது. அங்கம்மைக்குப் பொற்காப்பு. பேச்சியின் குலசாமிக்கு நூறு பானைப் பொங்கல்.

சோசியர் ஓலையோடு ஓடிவந்தார். "ஜாதகம் கணிக்கவேண்டும். பிள்ளை பிறந்த நாழிகை?"

தாதி ஒன்று சொன்னாள். தளபதி வேறொன்று சொன்னார்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"யாரும் வாயைத் திறக்காதீர்கள்! பேச்சியைக் கூப்பிடு!"