ஊதக்காத்தூர்ல மிஷினுக்கு ஓட்டு

ஒரு ஊர்ல ஒரு தையக்காரி. அவ பேரு சிலம்பாயி. ஊர் பேரு ஊதக்காத்தூர். மலைக்கு மேல, மேகத்துக்குப் பக்கத்து வீடு.

அந்த ஊர்க் குளிரு எப்படின்னு கேளு. பால்காரன் பாலை ஊத்த மாட்டான், ஒடச்சுக் குடுப்பான். கோழி முட்டை போட்டா, முட்டை குளிர்ல நடுங்கி, அப்படியே உருண்டு, அடுத்த வீட்டு அடுப்படியில போய் உக்காந்துக்கும். அதனால அந்த ஊர்ல முட்டைச் சண்டை ஓயவே ஓயாது. நாய் குலைக்கணும்னு வாயைத் திறந்தா, பல்லு அடிச்சுக்கும். டகடகடகடக! திருடன் வருவான், கேப்பான், "அடடே, இந்த வீட்ல இன்னும் தையல் மிஷின் ஓடுது, ஆளு முழிச்சிருக்கு"ன்னு திரும்பிப் போயிடுவான்.

"பொய்யி தாத்தா."

நீ பாத்தியா? நான் பாத்தேன். ம் சொல்லு.

"ம்."

அந்த சிலம்பாயிக்கு ஒரே மகன், செங்கோடன். மருமக பிரசவத்துக்குக் கீழ ஆத்தோரத்து ஊர்ல இருக்கற அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. தங்கமாட்டம் பொம்பளப் பிள்ளை பொறந்துது. மார்கழி மாசம். பேத்தியைக் கூட்டிக்கிட்டு வர்ற நாளும் குறிச்சாச்சு. அப்போ மருமகளோட அம்மா, பவுனாம்பான்னு பேரு, அந்தம்மா ஒரு சேதி சொல்லி அனுப்பிச்சு. "சம்பந்தியம்மா, நானே பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வருவேன். உங்க ஊர்க் குளிர்ல என் பேத்தி ஒரு தடவை நடுங்குனாலும், அதே ஜீப்புல திருப்பிக் கூட்டிக்கிட்டு வந்துருவேன். அப்புறம் அவ எங்க வீட்லதான் வளருவா."

அவ்வளவுதான். சிலம்பாயிக்குப் பேத்தி வேணும்னா, போர்வை வேணும்.

சும்மா போர்வை இல்ல கண்ணு. பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. மொடமொடன்னு உறுத்தும். கட்டிக் கட்டி, தொவைச்சுத் தொவைச்சு, பூவாட்டம் ஆன பழந்துணிதான் போடணும். அதுவும் நல்லா வாழ்ந்த பெரியவங்க உடுத்துன துணின்னா ரொம்ப விசேஷம். ஒரு வீட்டுப் பழந்துணி எத்தனைக்குக் காணும்? அதனால ஊர்ல எல்லா வீட்லயும் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கி, ஒண்ணோட ஒண்ணு சேத்து ஒட்டுப் போட்டு, மேல ஒரு அடுக்கு, கீழ ஒரு அடுக்கு, நடுவுல இலவம்பஞ்சு வெச்சு, குறுக்கயும் நெடுக்கயும் தைக்கணும். அதுதான் ஒட்டுப்போர்வை.

"பாட்டிகிட்ட மிஷின் இருக்கா?"

இருந்துது. பெல்ட்டை எலி தின்னுடுச்சு. அந்த எலியைக் குத்தறேன்னு செங்கோடன் ஊசியைக் கழட்டுனான், அது தொலஞ்சுது. ஊசியைத் தேடறேன்னு மிஷினையே பிரிச்சுப் போட்டான், அப்புறம் அதைச் சேக்கத் தெரியல. எலி மட்டும் நல்லா இருந்துது.

அதனால சிலம்பாயி மலையிறங்கி, மிஷின் கடைக்குப் போனா. கடைக்காரரு, "எந்த மிஷின் வேணும்மா?"ன்னாரு.

"எனக்குப் புடிச்ச மிஷின் வேணும்."

"எது புடிக்கும்?"

"ஓட்டிப் பாக்காம எப்படிங்க சொல்றது? முகத்தைப் பாத்துப் புடிக்க இது என்ன மாப்பிள்ளையா?"

கடைக்காரரு சிரிச்சுட்டாரு. "சரி, மூணையும் கொண்டு போ. ஓட்டிப் பாரு. ஒண்ணை வெச்சுக்க, மத்ததைத் திருப்பி அனுப்பு."

ஒண்ணு, வெள்ளை மிஷின். பளபளன்னு மினுங்கும், நெத்தியில லைட்டு எரியும். அதுக்குப் பேரு மின்னலு. இன்னொண்ணு, பூப்போடற மிஷின். ஒடம்பெல்லாம் பொத்தானு. எந்தப் பொத்தானை அமுக்குனாலும் ஒரு பூ தெச்சுக் காட்டும். அது ராணி. மூணாவது, கட்டை குட்டையா, சாம்பக் கலர்ல ஒண்ணு. பந்தல்காரன் சாமியானா தெச்சுக்கிட்டிருந்த மிஷினு. அதுக்கு யாரும் பேரே வெக்கல. சிலம்பாயிதான் அதைத் தூக்கும்போது இடுப்பைப் புடிச்சுக்கிட்டு, "அட உருண்டை"ன்னா. அதுவே பேராயிடுச்சு.

ம் சொல்றியா, தூங்கிட்டியா?

"ம். தூங்கல."

அப்புறம் சிலம்பாயி, தண்டோராப் போடற பெரியாண்டியைக் கூப்பிட்டா. "பெரியாண்டியண்ணே, ஊரெல்லாம் சொல்லிடு. நாளைக்கு சிலம்பாயி வீட்ல மூணு மிஷின் நிக்குது. வீட்டுக்கு வீடு வந்து ஆளுக்கு ஒரு ஒட்டுப் போடுங்கன்னு சொல்லு." ஒட்டுன்னா துணித்துண்டு. அவ சொன்னது சரிதான்.

ஆனா பெரியாண்டி மலையில தண்டோராப் போடற ஆளு. இந்தப் பாறையில நின்னு கத்துனா அந்தப் பாறைக்குக் கேக்கணும். நடுவுல காத்து, ஊஊஊஊன்னு. எந்தச் சொல்லையும் இழுத்துத்தான் சொல்லுவான். டண்டணக்கு டண்டணக்கு டண்! "நாளைக்கு சிலம்பாயி வீட்ல மூணு மிஷினு நிக்குதூஊஊ! எல்லாரும் வந்து ஆளுக்கு ஒரு ஓஓஓஓட்டுப் போடுங்கோஓஓ!"

போச்சா! ஒட்டு ஓட்டாயிடுச்சு!

ஊரே திரும்பிப் பாத்துது. "என்னது, மிஷின் தேர்தல்ல நிக்குதா?" "ஒண்ணுல்லப்பா, மூணு நிக்குது." "போன தடவை நின்னவனுக்கு மிஷினே தேவலாம்."

மறுநாள் காலையில சிலம்பாயி கதவைத் தொறந்தா, வாசல்ல ஊரு! ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. எல்லாரும் இடது கை ஆள்காட்டி விரலை நீட்டிக்கிட்டு நிக்கறாங்க. நடக்க முடியாத ஒரு கிழவரைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க. அவரும் போர்வைக்குள்ள இருந்து விரலை மட்டும் வெளிய நீட்டறாரு.

"மை எங்க சிலம்பாயி?"

"என்ன மை?"

"விரல்ல வெக்கற மை. மை வெக்காம ஓட்டுப் போட்டா நாளைக்கு எவன் நம்புவான்?"

சிலம்பாயி எல்லார் கையையும் பாத்தா. ஒருத்தர் கையிலயும் ஒரு துணித்துண்டு கிடையாது. பேத்தி வரக் குறிச்ச நாளும் அன்னிக்குத்தான். மலைக்குக் கீழ ஜீப்பு கிளம்பியாச்சு. உள்ள பவுனாம்பா, மடியில பேத்தி. இங்க ஒட்டு இல்ல, வெறும் விரலுதான் இருக்கு.

வேற ஒருத்தியா இருந்தா உக்காந்து அழுதிருப்பா. சிலம்பாயி கொண்டையை இறுக்கி முடிஞ்சா. "ஆமாங்க, தேர்தல்தான்! முதல்ல மூணும் பேசட்டும்"ன்னுட்டா.

"மிஷின் பேசுமா தாத்தா?"

நம்ம ஊர் மிஷின் பேசாது. அது வேற ஊரு.

மின்னலு லைட்டைப் போட்டுச்சு. "பெரியோர்களே தாய்மார்களே! எனக்கு ஓட்டுப் போடுங்க. நீங்க தும்மி முடிக்கறதுக்குள்ள நான் தெச்சு முடிக்கறேன்! ஜ்ஜ்ர்ர்ர்ர்ர்!" எல்லாரும் கை தட்டுனாங்க.

ராணி நெளிஞ்சுது. "வீட்டுக்கு வீடு பூ! வேட்டியில பூ, கோவணத்துல பூ, மாட்டுக் கழுத்துக் கயித்துலயும் பூ! மல்லியா ரோசாவா, உங்க விருப்பம்!" பொம்பளைங்க வரிசை அப்படியே விசில் அடிச்சுது.

அப்போ உருண்டை முக்கி முனகி, "எனக்குப் பேச வராது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டீங்கன்னா தேவலாம்"னுச்சு.

"பாத்தியா கொடுமையை! இது ஓட்டு கேக்காம எண்ணெய் கேக்குது!"

சிலம்பாயி மூணு மிஷினுக்கும் முன்னால மூணு கூடையை வெச்சா. "நல்லாக் கேட்டுக்கங்க. இங்க சீட்டு காகிதத்துல கிடையாது, நம்ம ஊர்க் காத்துல பறந்துடும். துணியிலதான் ஓட்டு. நீங்க கட்டிப் பழகுன பழந்துணி, கை நீளம் கிழிச்சுக்கிட்டு வந்து போடணும். புதுத்துணியில போட்டா, செல்லாத ஓட்டு!"

அவ்வளவுதான் கண்ணு! டர்ர்ர்! டர்ர்ர்! ஊரெல்லாம் கிழியற சத்தம். வேட்டி ஓரம், சேலைத் தலைப்பு, தாவணி, துண்டு. ஒருத்தன் பக்கத்து வீட்டுக் கொடியில இருந்து உருவிக்கிட்டு வந்து, திருட்டு முழி முழிச்சுக்கிட்டே ராணி கூடையில போட்டான்.

"சிலம்பாயி, இவன் கள்ள ஓட்டுப் போடறான்!"

"போடட்டும், போடட்டும். நம்ம தேர்தல்ல அது குத்தமில்ல."

விடுவானுங்களா? ஆளுக்கு நாலு தடவை வரிசையில வந்தாங்க. கூடை நெறஞ்சு, வாசல் நெறஞ்சு, துணி கூரை ஒசரத்துக்கு ஏறிடுச்சு. கட்டில்ல வந்த கிழவரு போத்தியிருந்த போர்வையையே ஓட்டாப் போட்டுட்டாரு.

கடைசியில ராணி ஜெயிச்சுது. அதுக்கு அடுத்தது மின்னலு. உருண்டைக்கு விழுந்தது எண்ணெய்க்கறை படிஞ்ச ஒரே ஒரு துண்டு. அது யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

"நீயா?"

ம் மட்டும் சொல்லு.

அப்போ கீழ முதல் வளைவுல ஜீப்பு ஹாரன். பாம் பாம்!

"ஜெயிச்சவங்க முதல்ல தைங்க"ன்னு சிலம்பாயி ராணி முன்னால உக்காந்தா. ஒட்டோட ஒட்டு சேத்தா. நல்லாத்தான் போச்சு. டிக் டிக் டிக், ஒரு பூ. டிக் டிக் டிக், ஒரு பூ. ஆனா நாலு துண்டு மூலையும் ஒண்ணாச் சேர்ற இடம் ஒண்ணு வருமில்ல? அங்க துணி மடிப்பு மேல மடிப்பு ஏறி, சின்ன மேடாட்டம் இருக்கும். ஒட்டுப் போடற மிஷினுக்கு அதுதான் பரீட்சை. ராணி மேட்டைப் பாத்துது. "அய்ய, நான் ஏற மாட்டேன், மூச்சு வாங்கும்"னு சுத்திக்கிட்டுப் போச்சு. அடுத்த மேடு, அதையும் சுத்திச்சு. தையலைப் பாத்தா மலைப்பாதையாட்டம் வளைஞ்சு வளைஞ்சு போகுது!

ரெண்டாவது வளைவு. பாம் பாம்!

அப்புறம் மின்னலு. ஜ்ஜ்ர்ர்ர்ர்! மேடா, அதுக்கென்ன, ஒரே தாவு! ஆனா பழந்துணி மெல்லிசு கண்ணு, ஈரத் தாமரை இதழாட்டம். அந்த வேகத்துக்குத் தாங்குமா? லபக்! ஒரு துண்டை முழுங்கிடுச்சு. லபக்! இன்னொண்ணு. "துப்பு, துப்பு!"ன்னு சிலம்பாயி அதோட முதுகுல தட்டறா. அது ஏப்பம் விடுது. அப்புறம் பொட்டுன்னு கரண்டு போயிடுச்சு. ஊதக்காத்தூர்ல கரண்டு இருந்தாத்தான் அதிசயம்.

மூணாவது வளைவு. பாம் பாம்! இனிமே வளைவு இல்ல.

சிலம்பாயி உருண்டைக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டா. கால் மிதியில காலை வெச்சா.

கடக்... கடக்... கடக். மெல்லிசு துணி வந்துது, பூனைக்குட்டியைத் தாய்ப்பூனை கவ்வுமில்ல, அப்படிக் கவ்வுச்சு. மேடு வந்துது. நின்னுச்சு. மூச்சைப் புடிச்சுது. ஹே...ய், கடக்! ஏறி இறங்கிடுச்சு! அடுத்த மேடு, ஹே...ய், கடக்! பஞ்சை வெச்சு மூணு அடுக்கையும் குடுத்தா, சாமியானா தெச்ச மிஷினுக்கு அதெல்லாம் வெத்தலையை மடிக்கற மாதிரி. கடகட் கடகட் கடகட்!

கூட்டத்துல ஒருத்தன் கத்துனான். "ஜெயிச்சது ராணிதானே, இது என்ன அநியாயம்?"

சிலம்பாயி தலையைத் தூக்காமலே சொன்னா. "அது ஓட்டுல ஜெயிச்சுது. இது ஒட்டுல ஜெயிச்சுது. எனக்குப் புடிச்சது இதுதான். போய்ப் பஞ்சு கொண்டா!"

அப்போ வாசல்ல ஜீப்பு நின்னுச்சு. கிரீஈஈச்! பவுனாம்பா இறங்கறா, முந்தானைக்குள்ள பிள்ளை. பின்னாலயே மருமக. பிள்ளை உதடு வெடவெடன்னு நடுங்குது.

"பாத்தியாடி, நான் சொன்னேன்ல! ஜீப்பைத் திருப்பு!"

"வாங்க சம்பந்தியம்மா. வந்த கால்ல போனா எப்படி? ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போங்க"ன்னு சொல்லிக்கிட்டே, சிலம்பாயி ஒரு கையால பேத்தியை வாங்கி, தெச்ச பக்கத்துப் போர்வைக்குள்ள வெச்சா. கால் மட்டும் மிதியை விடல. கடகட் கடகட்.

எல்லார் வீட்டுச் சூடும் அதுக்குள்ள இருந்துது கண்ணு. பிள்ளை நடுக்கம் நின்னுச்சு. ஒரு கொட்டாவி விட்டுச்சு. "ங்கா"ன்னுச்சு. தூங்கிடுச்சு.

பவுனாம்பா கிட்ட வந்து, மிஷின் பக்கத்துல உக்காந்து, பிள்ளை கன்னத்தைத் தொட்டுப் பாத்தா. கதகதன்னு இருக்கு. ஆனா வீம்பு விடுமா? "இப்ப சரி. ராத்திரி என்னாகும்? நான் கூட்டிக்கிட்டுத்தான் போவேன்"னு விசுக்குன்னு எந்திரிச்சா.

போர்வையும் எந்திரிச்சுது!

சாமியானா தெச்ச மிஷினுக்குத் துணி எங்க முடியுதுன்னு என்ன தெரியும்? பக்கத்துல உக்காந்திருந்த பவுனாம்பா முந்தானையையும் சேத்துத் தெச்சுக்கிட்டே போயிடுச்சு.

"ஐயோ என் முந்தானை! பிரிங்க, பிரிங்க!"

"பிரிச்சுடலாம் சம்பந்தியம்மா. ஆனா இது பந்தல்காரன் தையலு. புயலுக்கே பிரியாது. பங்குனி வரைக்கும் ஆகும். அதுவரைக்கும் உக்காருங்க, நிக்காதீங்க."

பவுனாம்பா இழுத்துப் பாத்தா. வரல. கால் சில்லுன்னு இருந்துது, போர்வைக்குள்ள விட்டா. ஆகா! முழங்கால் வரைக்கும் விட்டா. ஆகாகா! கழுத்து வரைக்கும் இழுத்துக்கிட்டா. பேத்தி பக்கத்துல சாஞ்சா. அப்புறம் தலையை மட்டும் நீட்டி, "ஏம்ப்பா செங்கோடா, ஜீப்பு எதுக்கு வெட்டியா நிக்குது? அந்த வெள்ளையும் பூக்காரியும் திரும்பிப் போகணும்ல, ஏத்தி அனுப்பு"ன்னா.

ஜீப்பு ராணியையும் மின்னலையும் ஏத்திக்கிட்டு இறங்கிப் போச்சு.

"பங்குனியில பிரிச்சாங்களா தாத்தா?"

பங்குனி வந்துது. சிலம்பாயி கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டுப் பக்கத்துல போனா. பவுனாம்பா ஒரு கண்ணை மட்டும் தொறந்து, "நீங்க இந்த வருசப் பங்குனின்னா சொன்னீங்க?"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா.

கதையை மடிச்சு வெச்சாச்சு. கண்ணை மூடு.