பத்து மணிக்கு அறுகிற நூல்

பஞ்சம் வந்தால் ஊர் பிழைக்க இன்னொரு வழி வேண்டுமே என்று, ஜமீன்தார் திருமலைச்சாமி தன் நஞ்சையில் பாதியை விற்று ஒரு பஞ்சாலை வைத்தார்.

ஆலையில் ஒரே ஒரு சனியன். தினமும் காலை பத்து மணிக்கு நூல் அறுந்தது. ஒன்றா இரண்டா, வரிசை வரிசையாக! எந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பஞ்சை மாற்றினார்கள். கடைசியில் பழி ஆட்கள் தலையில் விடிந்தது.

"அறுபது பேரை நாளையோட நிறுத்திடலாமுங்க" என்றார் மேனேஜர்.

ஜமீன்தாருக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை பேரும் அவர் கண் முன்னால் வளர்ந்தவர்கள். குருவைத் தேடி மலையடி மடத்துக்கு ஓடினார். குரு அவர் மகனைவிட இளையவர். ஆனாலும் சாமிக்கு எல்லாரும் 'நீ'தான்.

"என் ஆலைக்கு என்ன தோஷம் சாமி?" என்று குனிந்து கும்பிட்டார்.

"பத்து மணிக்கு நீ எங்கே இருப்பே?"

"ஆலையிலதானுங்க. எல்லாரையும் ஒரு கண்ணு பாத்தாத்தான் மனசு ஆறும்."

மறுநாள் இருவரும் ஆலைக்குள் நுழைந்தார்கள். நுழைந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் எந்திரத்தை விட்டு விலகிக் கைகட்டி நின்றார்கள், மேனேஜர் முதல் ஆளாக. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓர் இழை அறுந்தது. ஒட்ட ஆளில்லை. அது பக்கத்து இழையையும் அறுத்தது.

ஜமீன்தார் முகம் வாடிவிட்டது.

"கைகட்ட வேண்டாம்னு உத்தரவு போட்டுடட்டுமா சாமி?"

"போடு. அதையும் கைகட்டி நின்னுதான் கேப்பாங்க."

"அப்ப நான் வராமயே இருந்துடட்டுமா?"

"வா. வந்து நூல் ஒட்டப் பழகு. அந்தம்மாகிட்ட கேளு."

அங்கே நின்றவள் குப்பாத்தாள். அவர் வயலில் நாற்று நட்டவள்.

"அவகிட்டயா?"

"என்கிட்ட குனிஞ்சியே. ஜமீன் குறைஞ்சா போச்சு?"

ஜமீன்தார் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் போனார். இழையைத் தொட்டார், அறுந்தது. மறுபடி தொட்டார், மறுபடி அறுந்தது. மூன்றாம் தடவை குப்பாத்தாள் தன்னை மறந்தாள்.

"அட, இறுக்கிப் புடிக்காதீங்க எசமான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜமீன்தாருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கியது. அவர் குனிந்தே இருந்ததால், யாரைப் பார்த்துக் கைகட்டுவது என்று தெரியாமல், மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் எந்திரத்துக்குத் திரும்பினார்கள்.

இழை ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா சாமி!" என்று குழந்தைபோலத் திரும்பினார்.

"என்னைப் பாக்காதே" என்றார் குரு. "நூலைப் பாரு."