முள் திரும்பாத தராசு

ஞானிகளைப் பார்க்கப் போகிறவர்கள் எலுமிச்சம்பழம் கொண்டுபோவார்கள். செண்பகவல்லி, மடத்து உக்கிராண அறையில் தொங்கிய ஸ்பிரிங் தராசைக் கழற்றிக் கொண்டுபோனாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் மடத்து அடிகளின் சிஷ்யை. அவரைவிட எட்டு வயது மூத்தவள். மடத்தின் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் அவள் பொறுப்பு. அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. பொறுமைக்கு உதாரணம் வேண்டும்போதெல்லாம் அடிகள் பிரசங்கத்தில் அவளைத்தான் காட்டுவார். குடிகாரப் புருஷனோடு இந்த அம்மாள் எப்படிக் காலம் தள்ளினாள் தெரியுமா என்பார். கூட்டம் திரும்பிப் பார்க்கும். அவள் பின்வரிசையில் உட்கார்ந்து அதையும் பொறுத்துக்கொள்வாள்.

அன்று காலை அவள் மகள் அல்லி அடிகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடது கையில் மாவுக்கட்டு. எதிரே அவள் மாமனார் வீரபாகு, நெற்றி நிறையத் திருநீறு. கையை முறித்த மாப்பிள்ளை வரவில்லை. அவனுக்கு முக்கியமான வேலை இருந்ததாம்.

"சாமி வார்த்தைதான் எங்களுக்கு வார்த்தை," என்றார் வீரபாகு. "போன்னு சொல்லுங்க. வாசல்ல வண்டி நிக்குது. இப்பவே கூட்டிட்டுப் போயிருதோம்."

அடிகள் கண்களை மூடினார். "பொறுமை என்பது..." என்று ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க சாமி."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். செண்பகவல்லி அவர்களைத் தாண்டி வந்து, ஜன்னல் கம்பியில் தராசை மாட்டினாள்.

"இதுல என்ன தொங்குது?"

அடிகள் பார்த்தார். "ஒன்றும் தொங்கவில்லையே அம்மா."

"முள் எங்க நிக்குது?"

"மூன்றில்."

"ஒண்ணுமே தொங்கல. மூணு கிலோ காட்டுது. ஏன் சாமி?"

"பழுதாகியிருக்கும்."

"தானா ஆகல. ஆக்குனாங்க. இருபத்தஞ்சு கிலோ வரைக்கும்னு தகட்டுலயே எழுதியிருக்கு. திருவிழாவுக்கு வந்த அம்பது கிலோ வெல்ல மூட்டையை, எறும்பு ஏறக்கூடாதுன்னு இதுலயே மாட்டித் தொங்க விட்டாங்க. வேண்டாம்னேன். அறுந்து விழுந்துச்சா என்ன, தாங்குதேன்னாங்க. ஒன்பது நாள் தொங்குச்சு. எனக்குப் பதில் சொன்னவங்க எல்லாம் பொங்கல் சாப்பிட்டாங்க."

"உள்ளே சுருள்வில் அறுந்துவிட்டதா?"

"அறுந்து போகல. அறுந்திருந்தா பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சிருக்கும். ஐயோ பாவம்னாவது சொல்லியிருப்பான். இது நீண்டு போச்சு. மூட்டையை இறக்குனாங்க, முள் திரும்பல."

அடிகள் எழுந்து வந்தார். கீழ்க்கொக்கியை உள்ளங்கையால் மெல்ல உயர்த்தினார். முள் பூஜ்யத்துக்குப் போனது. கையை எடுத்தார். மூன்றுக்கு வந்து நின்றது. இன்னொரு முறை உயர்த்திப் பார்த்தார். அப்போதும் மூன்று.

வீரபாகுவுக்குப் பொறுக்கவில்லை. "இதென்ன கூத்து? நல்ல நேரம் போகுது சாமி."

செண்பகவல்லி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால, இவ உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு என்ன சொன்னீங்க சாமி?"

அடிகளுக்கு ஞாபகம் இருந்தது.

"பாரம் ஒரு நாள் இறங்கும், அதுவரை தாங்கு என்றேன்."

"இறங்கிருச்சு. அவரு செத்துப் பதினாலு மாசம் ஆகுது. நான் இன்னும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுதேன். உட்கார்ந்தா, அவரு காலால தட்டை எத்தும்போது எழுந்திரிச்சு ஓட முடியாதே. எத்துறதுக்கு வீட்டுல யாரு இருக்கா? ஒருத்தரும் இல்ல. தெரியுது. தெரிஞ்சும் உட்கார முடியல."

கூடத்தில் இருந்தவை அத்தனையும் அவளை உதாரணமாகக் கேட்டு ஆடிய தலைகள்தான். இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. தரையைப் பார்ப்பது எப்போதுமே சுலபமான காரியம்.

"தாங்குவேன்னு என்னத்த வச்சுச் சொன்னீங்க சாமி? என் மேல எங்கயாவது எழுதியிருந்துச்சா? நான் உடையலன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, நீண்டு போயிட்டேன்னு ஒரு நாளாவது பார்த்தீங்களா?"

"பார்க்கவில்லை," என்றார் அடிகள்.

"இப்ப இவளுக்கும் அதையே சொல்ல வாயத் திறந்தீங்க."

"திறந்தேன்."

அவர் தன் ஆசனத்துக்குத் திரும்பவில்லை. ஜன்னல் ஓரத்திலேயே நின்றார்.

"உனக்குச் செய்ததை என்னால் சரிசெய்ய முடியாது அம்மா," என்றார். "மன்னித்துவிடு என்று கேட்டால், அதையும் உன்னைத்தான் தாங்கச் சொன்னதாகும். கேட்கமாட்டேன்."

செண்பகவல்லிக்கு அந்தப் பதில் போதவில்லை. அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. மறைக்க அவள் முயலவும் இல்லை.

அடிகள் அல்லியிடம் வந்தார். "நீ என்னம்மா சொல்கிறாய்?"

கை முறிந்த நாளிலிருந்து டாக்டர் கேட்டார், பஞ்சாயத்தார் கேட்டார்கள், அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். எல்லாரும் என்ன நடந்தது என்றுதான் கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை.

"நான் போகமாட்டேன் சாமி."

அடிகள் வீரபாகுவிடம் திரும்பினார். "வண்டியை ஓட்டிக்கொண்டு போங்கள்."

வீரபாகு துண்டை உதறித் தோளில் போட்டார். குரல் கூடத்தை நிறைத்தது.

"நல்லாயிருக்கு சாமி, ரொம்ப நல்லாயிருக்கு! சேர்த்து வைக்க வேண்டிய வாயா இது? ஒரு குடும்பம் உடைஞ்சு போகும். தெரிஞ்சுதான் சொல்லுதீகளா?"

"உடையட்டும்," என்றார் அடிகள்.