ஒரு சொட்டும் ஒழுகாத எஞ்சின்

கலாமணியின் பட்டறையில் சீடனுக்குத்தான் வயது கூட. சீடன் நாச்சிமுத்து மில்லில் ரிட்டையர் ஆனவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. குரு கலாமணிக்கு முப்பத்துச் சொச்சம். கேட்டதற்குப் பாதி பதில்தான் சொல்வாள். பொள்ளாச்சியில் புல்லட்டுக்கு நோவென்றால் அவளிடம்தான் வருவார்கள்.

நாச்சிமுத்து தொழில் கற்க வந்ததே ஒரே ஒரு வண்டிக்காக. மகள் தாரணிக்கு வால்பாறையில் நர்ஸ் வேலை. அப்பாவின் பழைய புல்லட்டில்தான் மலையேறுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி, என் கையாலேயே எஞ்சினைப் பிரித்துக் கட்டித் தருகிறேன் என்றார் இவர். கட்டியும் விட்டார். திங்கட்கிழமை அவள் கிளம்ப வேண்டும்.

ஓட்டிப் பார்த்தால், வண்டியோ மலையடியில் ஆழியாறு தாண்டுவதற்குள் அடுப்பாகக் கொதித்தது. சூடு ஏற ஏற ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் சரிந்து படுத்துக்கொண்டது. கெட்டி ஆயில் ஊற்றினார். மீட்டரை மாற்றினார். ஆயில் பம்பையே புதுசாகப் போட்டார். காற்றில் ஆறுகிற எஞ்சின்தானே என்று, முன்னால் மறைத்ததையெல்லாம் கழற்றி வீசினார். முள் எழுந்திருப்பேனா என்றது. மனுஷனுக்கு மண்டை காய்ந்துபோனது.

"அம்மிணி, எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும் போல இருக்குதுங்க. இதுக்கு என்னதானுங்க நோவு?"

கலாமணி குனிந்து வண்டியின் அடியைப் பார்த்தாள்.

"எங்கயாச்சும் ஆயில் ஒழுகுதுங்களாண்ணா?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க. நான் கட்டுன எஞ்சினாச்சே."

"அதானுங்கண்ணா நோவு."

சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள்.

நாச்சிமுத்து திருதிருவென்று விழித்தார். ஒழுகாமல் இருப்பதும் ஒரு நோவா? கையில் டீ ஆறியது கூடத் தெரியாமல் யோசித்தார். ஒருவேளை ஒழுக வைத்தால் சரியாகுமோ என்று ஒரு போல்ட்டைத் தளர்த்தக்கூடப் போனார். நல்லவேளை, போன கை திரும்பி வந்தது.

சாயங்காலம் கலாமணி ஸ்பேனரை அவரிடம் நீட்டினாள்.

"அடியில ஆயில் சல்லடை இருக்குதில்லீங்க, அதைக் கழட்டுங்க."

கழற்றினார். சல்லடைக் கண்ணெல்லாம் கறுப்பாக, நூல் நூலாக எதுவோ அடைத்திருந்தது. ஒரு நூலை விரலில் உருட்டினார். ரப்பர் மாதிரி இழுத்தது. அவர் முகம் செத்துப்போனது. எஞ்சின் மூட்டுகளில் ஆயில் கசியாமலிருக்க, கேஸ்கட்டுக்கு மேலும் கீழும் அவரே அப்பிய பேஸ்ட் அது.

"வெளிய பிதுங்குனதைத் துடைச்சுட்டீங்க," என்றாள். "உள்ள பிதுங்குனது எங்க போகும்? ஆயில் போற வழியில போய் உக்காந்துக்கிச்சு."

அவர் சல்லடையிலிருந்து நூல்களை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை எதுக்குங்கண்ணா பூசுனீங்க?"

"வழியில அவ நின்னுரக் கூடாதுங்களே அம்மிணி."

மறுபடி பிரித்தார்கள். சுரண்டிக் கழுவினார்கள். பேஸ்டை விரல் நுனியில் தொட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தடவினார். மலையில் பாதி தூரம் ஏறி இறங்கிப் பார்த்தார்கள். இந்த முறை முள் சரியாமல் நின்ற இடத்திலேயே நின்றது.

திங்கட்கிழமை காலை தாரணி பட்டறைக்கே வந்தாள். வால்பாறையில் அவள் தங்கப்போகும் வாடகை வீட்டு ஜன்னலுக்குக் கம்பி வைக்கச் சொன்னதையும், அங்கிருக்கிற தன் சிநேகிதரைத் தினமும் அவளை வந்து பார்க்கச் சொன்னதையும் நாச்சிமுத்து ஒப்பித்தார். வளைவுக்கு வளைவு நின்று போன் பண்ணச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா" என்றாள். அதில் சுரத்தே இல்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஆயில் கிடந்தது.

நாச்சிமுத்து குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். "அம்மிணி, ஒழுகுதுங்க. நான் பின்னாடியே பஸ்ஸைப் புடிச்சுப் போயிரட்டுங்களா? ரெண்டு நாள் அங்கயே தங்கி, ஒரு வாரம்னாலும் சரிங்க, கூடவே இருந்து..."

கலாமணி ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒரு சொட்டு ஒழுகுனா ஒண்ணும் ஆகாதுங்க. பூசுனது போதும், அந்தப் பேஸ்ட் டியூப்பை மூடி வைங்கண்ணா."